இரத்தப் பரிசோதனை நிலுவையில் உள்ளது

ஆல்டர்ஹோப்,
4 செப்டம்பர் 2023

அன்புள்ள நெவில் அண்ணனுக்கு,

லோர்னா எழுதுகிறேன். நானும் என் முழங்காலும் ஒருவழியாக நலம். நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா? அந்த இறைச்சி அடை, பாஸ்டி, அது தவிர வேறேதாவது சமைத்துச் சாப்பிடுகிறாயா?

எங்கள் கிளினிக்கில் புது ஏற்பாடு வந்துவிட்டது. ஆயுள் முழுக்க ஒரே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இனி மாதாமாதம் எங்களிடம் வந்து கேட்க வேண்டாம். டாக்டர் கணினியில் ஒரே தடவை கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்து மருந்துச் சீட்டும் மருந்துக்கடைக்குப் போய்விடும். இருபத்தெட்டு நாளைக்கு ஒன்றாகத் தானே திறக்கும். முன்பு திங்கட்கிழமை காலையில் பச்சைத் தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு உட்காருவேன். இப்போது தாளே இல்லை. ஒரு திரை, நான், நாளொன்றுக்கு நானூறு பெயர்கள். டாக்டர் ஃபென்விக் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "லோர்னா ஒரு வாரம் லீவு போட்டா இந்தக் கிளினிக் படுத்துரும்." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மனம் தடம் புரளாமல் இருக்க நீ சாப்பிடும் லித்தியத்தையும் இப்படி மாற்றிவிட்டார்களா? மாற்றட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. அந்த மாத்திரையில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே விரற்கடை இடம்தான். ஜெனிஃபர் அண்ணி இருந்தவரை நாட்காட்டியில் தேதியை வட்டமிட்டு உன்னை இழுத்துக்கொண்டு போவாள். இந்த ஆறு வருஷமாக யார் வட்டமிடுகிறார்கள்?

தொலைபேசி வாங்கச் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த உனக்கு வாரம் ஒரு கடிதம் என்று தொடங்கியது, நாற்பது வருஷம் ஆகப்போகிறது. எழுது.

உன் அன்புத் தங்கை,
லோர்னா


போர்த்வெரன்,
17 செப்டம்பர் 2023

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

உன் முழங்காலுக்கு என் வணக்கங்கள். இங்கே எல்லாம் சுகம். கடற்பறவைகள் மட்டும் என்னைவிடச் சுகமாக இருக்கின்றன. நேற்று ஒன்று துறைமுகச் சுவரில் வைத்துக் கையிலிருந்த பாஸ்டியையே பிடுங்கிக்கொண்டு போனது.

ஆமாம், எனக்கும் அந்த வருஷச் சீட்டுதான். என் டாக்டர் யாரென்றே தெரியாது. இரண்டு கிளினிக்குகளை ஒன்றாக்கியபோது பழையவர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒரு பெண்மணி வந்திருக்கிறார் என்று கேள்வி. அவர் என்னைப் பார்த்ததில்லை, நானும் அவரைப் பார்த்ததில்லை. நாற்பது வருஷத்தில் நான் கண்ட மிகச் சிறந்த டாக்டர் அவர்தான்.

மருந்துக்கடைக்காரி கெரென்சா பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாள். வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் பாடம் ஒப்பிப்பாள்: "வேற டாக்டர் யாரையாவது பாத்தீங்களா? புதுசா மாத்திரை ஏதும்? உடம்புல ஏதாவது மாற்றம்? எல்லாத்தையும் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

நான் சொல்வேன்: "இல்ல, இல்ல, இல்ல, ஆமா. டீ குடிக்கிறியா?"

"கடையில ஆள் இல்ல நெவில், இன்னொரு நாள்."

தேநீரை நானே குடித்துவிடுகிறேன். இப்போதெல்லாம் நாளைக்குப் பன்னிரண்டு கோப்பை போகிறது. இந்த வருஷக் கோடை அப்படி. வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்தில் நான் பிரித்துப் போடும்போது இரண்டு தடவை சீட்டு கீழே விழுந்தது. "பஸ் ஓட்டின கையா இது? நல்லவேளை, ரிட்டயர் ஆயிட்ட" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் அண்ணன்,
நெவில்


ஆல்டர்ஹோப்,
15 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தாய்? தேதி வேண்டும், சிரிப்பு வேண்டாம்.

தாகம், கையிலிருந்து சீட்டு விழுவது, உன் எழுத்து வரியை விட்டு இறங்குவது, இவை எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மாத்திரைப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அவ்வளவுதான். எங்கள் திரையில் பரிசோதனை தவறியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி வரும். உன் கிளினிக்கின் திரையிலும் வரும். அதை யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

உன் டாக்டரை நானே கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வாக்கை வைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்போடாதே.

லோர்னா


போர்த்வெரன்,
2 நவம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன், கோபத்தைத் தவிர.

எழுத்து இறங்குவது பேனாவால். கடற்காற்றில் மை உறைகிறது. தாகம் உப்பு மீனால். பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் போவேன். அழைப்பு கைப்பேசிக்கு வருமாம். எனக்குக் கைப்பேசி இல்லை. யார் தப்பு?

வாக்கைப் பற்றி நீயே எடுத்ததால் சொல்கிறேன். 84ஆம் வருஷம் நீ டாக்டரைக் கூப்பிட்டாய். நல்லெண்ணம்தான், எனக்குத் தெரியும். இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கி வண்டியில் ஏற்றினார்கள். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில். அதன்பின் இந்த மாத்திரை வந்தது. இதற்குப் பிறகுதான் பஸ், ஜெனிஃபர், வீடு எல்லாம். இரத்தத்தில் ஏதோ ஓர் எண் சரியில்லையென்று ஒருநாள் இதை நிறுத்திவிட்டால், லோர்னா, நான் மறுபடி யாராவேன் என்று உனக்குத் தெரியும். நீதான் பார்த்தவள்.

ஆகவே கேட்காதே.

நெவில்


போர்த்வெரன்,
10 டிசம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று யோசிக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நீ ஒரு வாரம் தவறவிட்டதில்லை.

கிறிஸ்துமஸ் அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முகவரியைக் கெரென்சா எழுதிக் கொடுத்தாள். படகுத்துறைச் சரிவில் போன வாரம் விழுந்தேன். பாசி. ஒன்றும் உடையவில்லை. சீட்டாட்டக் குழுவிலிருந்து விலகிவிட்டேன், பிரித்துப் போட நேரமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள்.

முழங்கால் எப்படி? வேலை எப்படி? ஒரு வரி போதும்.

உன் அண்ணன்,
நெவில்


ஆல்டர்ஹோப்,
28 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

அட்டை வந்தது. நன்றி. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் மேல் கோபம் எதுவும் இல்லை.

நான் கொஞ்ச நாளாக விடுப்பில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே பனி பெய்து மேல்சாலை மூடிக்கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறு கோழி வாங்கினேன், பாதி மிஞ்சிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்தேன்.

விழுந்த இடம் வலிக்கிறதா? பார்த்து நட.

வேறு விசேஷம் இல்லை.

லோர்னா


போர்த்வெரன்,
20 ஜனவரி

லோர்னாவுக்கு,

நலமா. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலு தடவை. பரிசோதனை என்ற சொல்லே அதில் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ கேட்கவில்லை. அப்பாடா என்று முதலில் இருந்தது. பிறகு பயமாக இருந்தது. நீ கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

விடுப்பு விடுப்பு என்கிறாய். இருபத்திரண்டு வருஷத்தில் நீ எடுக்காத விடுப்பு. என்ன நடந்தது சொல்.

இங்கே வயிறு சரியில்லை. தரை படகு மாதிரி ஆடுகிறது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தால் குடிக்கலாம். பேச்சு குழறுகிறது என்று கெரென்சா சொன்னாள், பல் செட்டு என்று சொல்லிவிட்டேன். ஜெனிஃபர் மீன் வாங்கப் போனவள் இன்னும் வரவில்லை. மழை வரும் போலிருக்கிறது. குடையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நலமா. எழுது.

நெவில்


ஆல்டர்ஹோப்,
23 ஜனவரி 2024

அண்ணா,

இதை நீ எங்கே இருந்து படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் காலை பத்தரைக்கு வந்தது. பத்தே முக்காலுக்குக் கெரென்சாவின் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். வாக்கை மீறிவிட்டேன். அண்ணி இறந்து ஆறு வருஷம் ஆகிறது அண்ணா. அந்த வரியைப் படித்தபிறகு எந்த வாக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஏன் அக்டோபரிலேயே கூப்பிடவில்லை, ஏன் டிசம்பரில் கேட்கக்கூட இல்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பதில்தான் இது.

எங்கள் கிளினிக்கில் இடித் கோல்ட்ஹார்டு என்று ஓர் அம்மாள். எழுபத்துமூன்று வயது. மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. அதற்கும் உன்னுடையது போலத்தான், இரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஜூலையிலிருந்து அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வரி நின்றது: இரத்தப் பரிசோதனை நிலுவையில் உள்ளது. சிவப்பு வந்தால் நிறுத்தி டாக்டருக்கு அனுப்ப வேண்டும், அதுதான் விதி. ஆனால் நாளைக்கு அறுபது, எழுபது சிவப்பு வரும். டாக்டர் ஃபென்விக்கிடம் கேட்டேன். "நிறுத்தினா அவங்க வலியில துடிப்பாங்க. தொடருங்க லோர்னா, வியாழக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் பாத்துடலாம்" என்றார். எந்த வியாழக்கிழமையும் உட்காரவில்லை. நான் அனுப்பினேன், அவர் கையெழுத்துக்கான பொத்தானை அழுத்தினார். ஒரே அழுத்தில் நூறு கையெழுத்து. அப்படி நான்கு மாதம்.

நவம்பர் 9ஆம் தேதி இடித் அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்குள் இரத்தம் ஊறுவதே நின்றுபோயிருந்தது. 16ஆம் தேதி இறந்தார். கணினியில் ஒவ்வோர் அழுத்தும் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது, என் பெயரில். அன்று முதல் நான் வீட்டில் இருக்கிறேன். மரண விசாரணை மே மாதம்.

உனக்கு எழுத உட்காருவேன். "இரத்தம் கொடுத்தாயா" என்று எழுதப் போவேன். கை வராது. எந்த முகத்தோடு கேட்பது? உன் ஊர்த் திரைக்கு முன்னாலும் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், உன் பெயரைத் தள்ளிவிட்டிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் வெட்கத்தில் பத்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என்னைத் திட்டு. ஆனால் அவர்கள் சொல்வதைக் கேள். தண்ணீர் ஏற்றினால் ஏற்றிக்கொள்.

லோர்னா


போர்த்வெரன்,
3 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய லோர்னா அம்மாவுக்கு,

வணக்கம். நான் கெரென்சா. உங்கள் அண்ணனால் இன்னும் பேனா பிடிக்க முடியவில்லை. நீங்கள் தினமும் தொலைபேசியில் பேசினாலும், அன்று நடந்ததை முழுதாக எழுதும்படி கேட்டீர்கள். என் மனப்பாரமும் இறங்கும் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் பேசியதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மேஜையெல்லாம் தேநீர்.

"நெவில், உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"இல்ல, இல்ல, இல்ல, ஆமா" என்றார். நான் கேள்வி எதையும் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது.

வண்டிக்காரர்கள் வந்ததும் மிரண்டுபோய் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டார். "லோர்னா கூப்பிட்டாளா? மறுபடியும் அவதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். கையை விட்டுவிட்டார். வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

இரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இப்போது இறங்கிவிட்டது. நினைவு தெளிந்திருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டன, அவை இனித் திரும்பாது என்கிறார்கள். அந்த மாத்திரையும் இனிமேல் கிடையாது.

கடைசியாக அவர் இரத்தம் கொடுத்தது பதினாறு மாதங்களுக்கு முன்பு. நானும் அந்த இரத்தப் பரிசோதனை எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கொடுத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. கிளினிக் அனுப்பினால் அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். கடைக்காரி கேட்டிருப்பாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் குழறியபோது பல் செட்டு என்றார், நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கெரென்சா நான்ஸ்


போர்த்வெரன்,
19 மார்ச் 2024

லோர்னாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியும், நடுக்கம் முழுதாகப் போகவில்லை.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வாசித்துக் காட்டினார்கள். நீ கூப்பிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

புது மாத்திரை வேறு நிறம். தினமும் காலையில் கண் விழித்ததும் நான்தானா என்று பார்த்துக்கொள்கிறேன்.

நெவில்


ஆல்டர்ஹோப்,
16 மே 2024

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதிவிட முடியவில்லை. உன் சிறுநீரகம், உன் தூக்கம் இரண்டையும் விசாரிக்கிறேன். உனக்கு நன்றி வராவிட்டாலும் பரவாயில்லை. இதை அதற்காக எழுதவில்லை.

நேற்று விசாரணை முடிந்தது. ஜனவரியில் உனக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கணினியில் அது இல்லை.

அக்டோபர் கடைசி வாரம் இடித் அம்மாள் கிளினிக்குக்கு வந்தார். அவர் கணவர் ரெஜினால்டின் கண் சொட்டு மருந்துக்காக. என் ஜன்னலில் குனிந்து, "வாயெல்லாம் புண்ணா இருக்கு கண்ணு, சூப்புகூட இறங்கல" என்றார். எனக்குப் பின்னால் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. "மருந்துக்கடையில வாய் கொப்பளிக்க ஏதாவது தருவாங்க, வாங்கிப் பாருங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்புண் வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும். திரையில் மாத்திரையைப் பார்த்தால் ஞாபகம் வரும், மனுஷியைப் பார்த்து வரவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் டாக்டர் ஃபென்விக் வந்தார். பாவம், பாதி உடம்பாகிவிட்டார். "நான் தொடரச் சொன்னதை நானே ஒத்துக்கறேன் லோர்னா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் வாய்ப்புண் விஷயம் தெரியாது.

விசாரணை அதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில், "வேறேதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார். எல்லோரையும் கேட்கும் கேள்விதான். இல்லை என்று சொல்லி எழுந்துவிடலாம். உன் சமையலறையில் நீ கெரென்சாவிடம் ஒப்பித்த அந்த நாலு பதில்கள் நினைவுக்கு வந்தன. சொல்லிவிட்டேன், வாய்ப்புண்ணிலிருந்து எல்லாவற்றையும். கிளினிக்கின் வழக்கறிஞர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வராந்தாவில் ரெஜினால்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். அடிப்பாரோ என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அன்னைக்கு நீங்களா ஜன்னல்ல இருந்தது?"

"ஆமாங்க."

"வீட்டுக்கு வந்து சொன்னா. 'அந்தப் பொண்ணு நல்லவ, அவ்வளவு வேலையிலயும் என்கிட்ட நின்னு பேசினா'ன்னு." பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, "அத உங்ககிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு காலையிலேர்ந்து யோசிச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

வேலை போய்விட்டது. சிவப்பு வரி வந்தால் இனி டாக்டரே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் எதுவும் நகராது என்று மாற்றியிருக்கிறார்கள்.

உன் தங்கை,
லோர்னா


போர்த்வெரன்,
11 ஜூன் 2024

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. நான் எதற்காக இரத்தம் எடுக்கிற அந்த ஊசிக்குப் பயந்தேனோ அது, அந்த 84ஆம் வருஷக் கிறுக்கு, திரும்ப வந்துவிட்டது.

மே கடைசியில் இரண்டு நாள் தூக்கம் இல்லை. அருமையாக இருந்தது. கடல் முழுவதும் எனக்காகவே மினுங்குகிற மாதிரி. மூன்றாம் நாள் காலையில் துறைமுகத்தில் ஒரு நண்டுப் படகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு நீச்சலே தெரியாது, உனக்கே தெரியும். அந்தப் படகுக்காரன் முகத்தைப் பார்த்தேன். 84இல் வாசலில் நின்ற உன் முகம் அப்படித்தான் இருந்தது. அன்று அதைத் துரோகம் என்று நினைத்தேன். பயம் அது, லோர்னா. இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் பயம். நாற்பது வருஷம் அதைத் தப்பாகவே படித்திருக்கிறேன்.

நேரே கிளினிக்குக்கு நடந்தேன். முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். "இல்ல. ஆனா எனக்கு இப்ப சரியில்ல. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நான் இதை ஒத்துக்கமாட்டேன், அதுக்குள்ள யாராவது பாருங்க" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது. ஒரு பெண்மணி உள்ளே இருந்து எழுந்து வந்தார். நரைத்த தலை, காலில் சேறு பட்ட பூட்ஸ். அவர்தான் என் டாக்டர். ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்குக் கையெழுத்துப் போட்டவர்.

"நெவிலா நீங்க? நான் யாரோ உயரமானவர்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

"நான் உங்களை இளவயசுக்காரின்னு நெனச்சிட்டிருந்தேன், சரியாப் போச்சு."

சிரிக்கவில்லை அவர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைத் திருப்பி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெளியே இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா என்று கேட்டார். கேட்டார், லோர்னா. யாரும் கையை முறுக்கவில்லை. போகிறேன் என்றேன். பன்னிரண்டு நாள்தான். இன்று காலை வந்துவிட்டேன். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், மந்தமாக இருக்கிறது, ஆனால் நான்தான்.

நன்றி வந்ததும் எழுதுகிறேன் என்றேன் அல்லவா? வந்துவிட்டது. இத்துடன் அனுப்புகிறேன்.

அந்த இடித் அம்மாளைப் பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது தப்பு. யாரும் கேட்காததைச் சொன்னாய், அது சரி. ஒன்று இன்னொன்றை அழிக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், நான் இந்தச் சிறுநீரகங்களை வைத்துக்கொண்டு இருப்பதைப்போல.

வேலையும் இல்லை, வேறு என்ன செய்யப்போகிறாய் அங்கே? புறப்பட்டு வா. மாடி அறையை நேற்றே கெரென்சா பெருக்கிவிட்டாள். ரயில் நிலையத்துக்கு நான் வரமுடியாது, இன்னும் படிகளில் தடுமாறுகிறேன். துறைமுகத்துச் சுவர் வரை வந்து நிற்பேன். பஸ் அங்கேதான் நிற்கும். எந்த பஸ் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்,
நெவில்